கும் மாட்டிய பிஸ்டன்

"ஒரே வாரக்கடைசியில் முடிச்சிடலாம்" என்று என் வீட்டுக்காரர் விட்டோமிர் சொன்ன வேலைக்கு அன்றோடு இருபத்து மூன்று நாள். வேனின் என்ஜின் என் வெளி அடுப்பறை மேஜையில், நான் மாவு பிசைகிற இடத்தில், வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. எண்ணெய் குடிக்கிறது என்பதுதான் அதன்மேல் குற்றச்சாட்டு. எங்கள் தெருவில் குடிக்காதது எது என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

அந்த வேனில்தான் சனிக்கிழமைதோறும் சீஸும் பாலாடையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துச் சந்தைக்குப் போவேன். தொடர்ந்து நான்கு சனிக்கிழமை வராவிட்டால் சந்தையில் என் மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று போய்விட்டது. வாசலை ஒட்டிய மேஜை, பதினொரு வருஷம் காத்திருந்து வாங்கியது. பக்கத்து மேஜைத் தேன்காரி இப்போதெல்லாம் தினமும் போன் செய்து என் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறாள்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்பீர்கள். முதலிலேயே மெக்கானிக்கிடம் போவது எங்கள் ஊர் ஆண்களுக்கு அவமானம். நன்றாகக் கெடுத்துவிட்டுப் பிறகு போகலாம், அது கௌரவம். அடுத்தவர் வண்டியை இரவல் கேட்பதும் அவமானம். ஆக, மூன்று வாரமாக நான் விளக்குப் பிடித்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், கண்ணாடி போட மறுக்கும் ஆண்களுக்கு ரிப்பேர் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். வேலையை அவர்கள் செய்தார்கள். கற்றுக்கொண்டது நான்.

திங்கட்கிழமை எங்கள் கும் வந்தார். கும் என்றால் எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர். கடவுளுக்கு அடுத்தபடி கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கடவுளிடமாவது சண்டை போடலாம். எங்கள் கும் ஸ்ரெடோயே ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். பிஸ்டன்களைத் தானே மாட்டப்போவதாகச் சொல்லிச் சட்டைக் கையை மடித்தார்.

ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் ஒரு அம்புக்குறி உண்டு. அது என்ஜினின் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கும் நான்கையும் பின்பக்கம் பார்க்க மாட்டினார்.

"கும், புஸ்தகத்துல முன்பக்கம்னு…" என்று ஆரம்பித்தேன். விட்டோமிர் என் காலை மிதித்தார்.

"புஸ்தகம் கெடக்கு கூமா," என்றார் கும். எனக்கு அவர் கும் என்றால் அவருக்கு நான் கூமா. "அம்பு எதைக் காட்டுது? சக்தி போற திசையை. சக்தி எங்க போகுது?"

"பின் சக்கரத்துக்கு, கும்," என்றார் விட்டோமிர், முதல் பெஞ்சுப் பையன் போல.

"அப்ப அம்பு எங்க பாக்கணும்?"

"பின்னாடிதான் கும். தங்கமான கை உங்களுக்கு!"

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுத்த மனுஷர். பிளம் சாராயம் மூன்று சுற்று வந்தது.

அவர் போனதும் கேட்டேன். "ஏங்க, தப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்படியே மூடிச் சுத்தினா வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு நொறுங்கும். என் மேஜை போயிடும்."

"என்ஜின் போனா இன்னொண்ணு வாங்கலாம்டி. கும் போனா?"

"அப்ப நாமளே சத்தமில்லாம திருப்பி வெச்சிடுவோம்."

"அவர் செஞ்ச வேலையில கை வெக்கிறதா? அதுக்கு அவர் மூஞ்சியிலயே துப்பிடலாம். அதுவும் நாளைக்கு நம்ம வீட்டுத் திருநாள். ஸ்பேனரைத் தொட்டா பாவம்."

புதன் காலை கும்மே வந்து என்ஜின் தலையை மூடுவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை எங்கள் குடும்பப் புனிதர் நிகோலாவின் திருநாள். யாரையும் அழைக்க மாட்டோம், எல்லோரும் வருவார்கள். சூப்பும் மீனும் பரிமாறி முடித்தேன். ஆண்கள் அரசியலுக்கு வந்தார்கள், இனி ஒரு மணி நேரத்துக்கு வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. பட்டுச் சட்டைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெளி அடுப்பறைக்குப் போனேன். நிகோலா பயணிகளுக்குக் காவல் புனிதர். சீஸ் விற்கப் போகிறவளும் பயணிதான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

அடியில் இரண்டு நட்டைக் கழற்றி, பிஸ்டனை மேலே தள்ளி எடுத்து, அம்பைத் திருப்பி, ரிங்குகளைத் தகரப் பட்டையால் இறுக்கி, சுத்தியல் காம்பால் தட்டி இறக்க வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவதைத் தட்டும்போது கதவு திறந்தது.

கும். கையில் ஸ்பேனர்.

எனக்கு உயிரே போய்விட்டது. இருபத்தாறு வருஷ உறவு ஒரு பிஸ்டனால் போகிறதே என்று உண்மையிலேயே பயந்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எத்தனை ஆச்சு கூமா?"

"இது மூணாவது."

"அப்ப நாலாவது என்னோடது." கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நேத்து வீட்டுக்குப் போற வழியிலேயே புரிஞ்சிடுச்சு. ராத்திரி தூக்கமே வரலை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கும்?"

"எங்க சொல்ல விட்டீங்க? இன்னைக்கு வந்ததிலிருந்து எனக்குக் கிளாஸைத் தூக்கிட்டே இருந்தீங்களே." நட்டை முறுக்கினார். "நான் கட்டிக்கொடுத்த புகைபோக்கி எப்படியிருக்கு? உண்மையச் சொல்லுங்க."

"புகை உள்ளதான் வருது."

"பையனுக்கு வெச்ச பேரு?"

"அவனுக்குப் பிடிக்கலை."

"ஒருத்தரும் சொல்லலையே," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த மனுஷரை மரியாதை என்ற பெயரில் ஏமாற்றியிருக்கிறோம்.

புதன் காலை அவர் வந்தார். மூடுவதற்கு முன் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நான்கு அம்பும் மறுபடி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

விட்டோமிர் என் காதில், "விடியக்காலம்பர பாத்தேன். யாரோ திருப்பி வெச்சிருந்தாங்க. நீதானே? நல்லவேளை, கும் வர்றதுக்குள்ள சரி பண்ணிட்டேன்," என்றார். இருபத்தைந்து நாளில் அவர் தனியாக, பிழையில்லாமல் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

"விட்டோமிர்," என்றார் கும், "நான் தப்பா மாட்டிட்டேன்பா."

"சேச்சே! நீங்க மாட்டினது சரிதான் கும்!"

"தப்புப்பா."

"யாரு சொன்னது? என் வீட்ல என் கும்மைத் தப்புன்னு எவனும் சொல்லக்கூடாது, நீங்களே சொன்னாலும் சரி!"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரைத் தூக்கி வாளிக்குள் எறிந்தேன். "ரெண்டு பேரும் வெளிய போங்க!" கும் உடனே போனார். விட்டோமிரையும் இழுத்துக்கொண்டு போனார், அதற்கு அவருக்கு என் ஆயுள் முழுக்க நன்றி. நான்கையும் மதியத்துக்குள் திருப்பினேன். தலையை நானே மூடினேன். வேனில் ஏற்றித் தர மட்டும் அவர்களைக் கூப்பிட்டேன். வெள்ளி சாயங்காலம் என்ஜின் இருமி, புகைந்து, ஓடியது.

சனிக்கிழமை ஆறரைக்குச் சந்தை வாசலில் வேனை நிறுத்தினேன். என் மேஜையில் பன்னிரண்டு தேன் பாட்டில்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. தேன்காரி ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை, ரசித்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மணிக்குள் வேனைச் சுற்றிக் கூட்டம். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, கும் பிஸ்டன் மாட்டிய கதையை விட்டோமிர் அளந்துகொண்டிருந்தார். எங்களோடு வந்திருந்த கும் கையை உயர்த்தினார்.

"நான் மாட்டினது தப்பாப் போச்சு. சரி பண்ணினது கூமாதான். மூடினதும் அவங்கதான்."

நான் தராசிலிருந்து நிமிர்ந்தேன்.

"பாத்தீங்களாய்யா," என்றார் இறைச்சிக்கடைக்காரர் நெகிழ்ந்துபோய், "மனுஷனுக்கு என்ன ஒரு அடக்கம்!"

எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். நான் சீஸ் நிறுத்துக்கொண்டிருந்தேன், வரிசையில் ஏழு பேர் நின்றார்கள்.