குலிஸ்தான் வீட்டுப் பாயிண்ட்

கல்லுக்குக் குங்குமம் வைத்தது நான்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் இடத்தைப் பாயிண்ட் என்போம். அங்கே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குவோம். ஈராக்கின் இந்தக் குர்து மலைக்கிராமத்திலும் முந்தைய நாள் சாயங்காலம் அதையே செய்தேன். குங்குமம் தாராளமாக விழுந்து கல் முழுக்கச் சிவந்துவிட்டது.

காலையில் பார்த்தால், பாயிண்ட் இருந்த வீட்டுக்காரி குலிஸ்தான் மெத்தைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சண்டைக்குப் பயந்து ஓடி, பதினோரு வருடம் முகாமில் கிடந்து, போன மாதம்தான் திரும்பி வந்தவள். தண்ணீர் கிடைத்தால் சொந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று எங்களுக்காகக் காத்திருந்தவள்.

கலீல் ரஹ்மான் பாய் தலையில் அடித்துக்கொண்டார். சேலத்துக்காரர், இங்கே ஓட்டலில் வேலை பார்த்து அவர்கள் பேச்சைக் கற்று, எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர்.

"ஏம்ப்பா ஜெயபிரகாஷ், என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? இங்க செவப்புக் கல்லுன்னா கண்ணிவெடி. அந்தம்மா தம்பிக்குக் கால் போனதே அப்படித்தான்."

"ஐயோ, அது சாமிக்கு வெச்சதுங்க பாய்! இங்க வெடியெல்லாம் எடுத்தாச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னேன். புதுசா ஒண்ணக் கண்டுபுடிச்சுக் கல்லு வெச்சிட்டுப் போயிருக்காங்கங்குது."

செருப்பைக் கழற்றினேன். கல்லைச் சுற்றித் தொம் தொம்மென்று குதித்தேன்.

"மெதுவாய்யா, இடுப்புப் புடிச்சுக்கும்."

குலிஸ்தான் சிரிக்கவில்லை. ஏதோ கத்தினாள்.

"ஒனக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லையாங்குது. இருந்தா வெளிய வந்துருங்குது."

"இருக்காங்க. அதனாலதான் தைரியமாக் குதிக்கறேன். வெடி இருந்தா நான் எதுக்குங்க இங்க நிக்கப்போறேன்?"

பாய் சொல்லச் சொல்ல அவள் என் கால்களையே பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"தண்ணி வரட்டும், அப்பறம் மெத்தைய எறக்கறேங்குது," என்றார் பாய்.

எங்கள் ஊரில் ஆயிரத்து இருநூறு அடி போனாலும் புழுதிதான். இங்கே நானூற்றுப் பத்து அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. குலிஸ்தான் சேற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். யாரையும் தொடவிடாமல் மெத்தைகளைத் தானே இறக்கி, மதில்மேல் வெயிலில் விரித்தாள்.

நான் லாரி நிழலுக்குப் போய் ஊரிலிருக்கும் மனைவி இலக்கியாவைப் போனில் கூப்பிட்டேன்.

"தண்ணி வந்துச்சுங்களா?"

"நல்லா வந்துச்சு சாமி."

"அப்ப ஊட்டுக்கு வாரீங்களா?"

"பக்கத்தூர்ல இன்னும் மூணு பாயிண்ட் இருக்குது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தப் போகவில்லை.