ஸ்கேனுக்கு முந்தின வாரம்

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் மேஸ்திரி. பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், முந்தின வாரமே துருவுக்கெல்லாம் பெயின்ட் அடித்து, குப்பையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார். ஆய்வாளர் தலை மறைந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான். இந்தப் புத்தி பட்டறையோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

கால் வீங்கி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியபோது முதல் எக்கோ ஸ்கேன் எடுத்தோம். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டுமாம். இவருடையது தள்ளியது இருபத்தைந்து சதவீதம். மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

இரண்டாவது ஸ்கேனில் இருபத்தாறு. இதயம் இன்னும் கொஞ்சம் பெருத்தும் இருந்தது.

"இவ்ளோ மருந்துக்கும் அசையலையே. இப்படியே இருந்தா நெஞ்சுல ஒரு கருவி வைக்கணும். துடிப்பு தடுமாறினா அது ஷாக் கொடுத்து காப்பாத்தும். ஆனா வெல்டிங் கரண்டு அதைக் குழப்பிடும், அந்தப் பக்கம் போறதையே மறந்துடணும்" என்றார் டாக்டரம்மா.

இவர் முகம் செத்துப்போயிற்று. பதினாறு வயதில் வெல்டிங் டார்ச் பிடித்த கை அது. அந்த வேலை போனால் இவர் வீட்டில் நடைப்பிணமாகத்தான் கிடப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அதெப்படிம்மா? ஒரு வாரமா ஒரு மாத்திரைகூட விடலையே!" என்று பொங்கினார்.

"ஒரு வாரமாவா?" என்றார் டாக்டரம்மா.

தவளை தன் வாயால் கெட்டது. பட்டறையில் போட்டுக்கொள்கிறேன் என்று தினமும் வாங்கிப்போன மாத்திரையெல்லாம் டூல்ஸ் பெட்டிக்குள் தூங்கியிருக்கிறது. ஸ்கேனுக்கு முந்தின வாரம் மட்டும் மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, நல்ல தூக்கம். இதயத்துக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார் மனுஷன்! எனக்கு வந்த கோபத்தில் டாக்டரம்மா இருப்பதையும் மறந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல இருக்கிறது இதயமா, துருப்பிடிச்ச கிராதியா?"

"தண்ணி மாத்திரை போட்டா நிமிஷத்துக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடணும். பாதி வெல்டிங்ல எப்படிடி ஓடுறது? எது அந்த மாத்திரைன்னு தெரியாம எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்று முனகினார்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார் டாக்டரம்மா. அந்த மாத்திரை வேலை முடிந்து வரும் சாயங்காலத்துக்கு மாறியது. கருவி வைப்பதா வேண்டாமா என்பதை இன்னும் மூன்று மாதம் கழித்து ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். முப்பத்தைந்தைத் தாண்டியாக வேண்டும்.

அதன்பிறகு மாத்திரை என் கண்முன்தான் தொண்டைக்குள் இறங்கியது. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். "போலீஸ்காரி" என்று திட்டிக்கொண்டே காட்டினார். வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி காலுக்குள் போனது.

மூன்றாவது ஸ்கேன். அதே இருட்டறை, அதே டெக்னீஷியன் பெண். நெஞ்சில் ஜெல் தடவி, விலா இடுக்கில் ஸ்கேன் குமிழை அழுத்தினாள். பழைய படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் இதயத்தின் சுவர் சோம்பேறியாக அசைந்தது. புதியதில் நன்றாகச் சுருங்கி விரிந்தது. எனக்கே தெரிந்தது.

"நாப்பத்தொண்ணு, அண்ணே!"

நான் கூவியிருப்பேன். ஆனால் இவர் படுத்தபடியே கையைத் தூக்கினார்.

"சும்மா என் மனசுக்காகச் சொல்லாதம்மா. இன்னொரு தரம் அளந்து பாரு."

ஆயுசுக்கும் ஆய்வை ஏய்த்த மனுஷன் தன்னை மறுபடி சோதிக்கச் சொல்கிறார்! அவள் சிரித்துக்கொண்டே மறுபடி அளந்தாள்.

"இந்தத் தடவை நாப்பத்திரண்டு. ஒண்ணு முன்னப்பின்ன வரும், அண்ணே. ஆனா முப்பத்தஞ்சு பின்னாடி போயிடுச்சு."

டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவி வேணாம். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன்."

"வெல்டிங்?"

"தாராளமா பண்ணுங்க."

வெளியே வந்ததும் நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகவே இல்லை.

"ஏய், எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். ஜெயிச்சவன் பொண்டாட்டி நான்" என்றேன்.