காமாக்ஷி செடியிடம் சொன்னது

காமாக்ஷிக்கும் அவள் ஓர்ப்படி நீலாம்பாளுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. மட்டாஞ்சேரியில் ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே அடுப்பு. வாய் மட்டும் தனித்தனி. காரணம் லேசுப்பட்டதா என்ன? காமாக்ஷியின் புருஷன் கல்யாணராமன் எழுபத்தாறாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். பதிமூன்றாம் நாள் சாப்பாட்டு இலையை எடுப்பதற்குள், "மன்னி இனிமே முன்ரூமை ஒழிச்சுத் தருவாளோ?" என்று நீலாம்பாள் தன் புருஷன் வெங்கிட்டுவிடம் கேட்டாள். அது காமாக்ஷி காதில் விழுந்துவிட்டது. அடிப்பாவி, பத்து நாள் பொறுக்கக் கூடாதா!

ரூமைக் காமாக்ஷி விடவில்லை. அதன் ஜன்னலோரம் சட்டியில் அவள் செடி நின்றது. ஆள் உயரம், முறத்தளவு இலை, இலை நெடுக ஓட்டை. மிளகுக் கம்பெனி மானேஜர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த ஒரு துண்டுக் கொடியைக் கல்யாணராமன் பெண்டாட்டிக்கென்று கொண்டுவந்தார். அந்த வீட்டில் கட்டில், பாத்திரம், பசு எல்லாம் பொது. அவளுக்கே அவளுக்கென்று அவர் கொடுத்தது அது ஒன்றுதான். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர் விடுவாள். இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள். நேர்வெயில் படவிடமாட்டாள். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். கண்டவள் கண் படக்கூடாது.

அந்தச் செடியை வைத்துத்தான் ஜாடைப்பேச்சும். "கேட்டயா செடியே, சாம்பார்ல உப்பு கொறச்சுப் போட்டாப் போரும்" என்று காமாக்ஷி அடுக்களைக்குக் கேட்கும்படி சொல்வாள். அன்றைக்குச் சாம்பார் வாயில் வைக்க விளங்காது. "மழை வரது, கொடியில துணி கெடக்கு" என்றால் துணி நனைந்தே கிடக்கும். எதைச் சொன்னாலும் நேர் எதிராகச் செய்வதென்று நீலாம்பாள் விரதமே எடுத்திருந்தாள்.

எண்பதாம் வருஷம் காமாக்ஷிக்குக் கண்ணில் புரை வந்தது. எர்ணாகுளத்தில் ஆபரேஷன், பிறகு அங்கேயே தங்கை விசாலாக்ஷி வீட்டில் ஓய்வு, ஆக மூன்று வாரம். கண் போனாலும் போகட்டும், செடியை யார் பார்ப்பது? வெங்கிட்டுவிடம் சொன்னால் பெண்டாட்டி தலையில் கட்டுவான். அவளிடம் போய்க் கெஞ்சுவதா? அதற்குச் செடியைக் கிணற்றில் போடலாம்.

எர்ணாகுளத்துக்குப் போட் ஏறும் அன்று கதவை அகலத் திறந்து வைத்தாள். "செடியே, நான் வரவரைக்கும் தெனம் ரெண்டு நேரமும் ஒரு கொடம் தண்ணி விடணும் ஒனக்கு. எலைக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி, உச்சி வெயில்ல முற்றத்தில வெக்கணும். கேட்டயா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கேட்டுவிட்டாள். இனி தண்ணீரே காட்டமாட்டாள், எண்ணெயைத் தொடமாட்டாள், நிழலைவிட்டு நகர்த்தமாட்டாள். மூன்று வாரம் காய்ந்தால் செடி கொஞ்சம் வாடும், சாகாது. காமாக்ஷி நிம்மதியாகப் போட்டில் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்து கறுப்புக் கண்ணாடியோடு ரூமுக்குள் நுழைந்ததுமே அழுகல் நாற்றம் அடித்தது. தண்டு கொழகொழவென்று சாய்ந்து கிடந்தது. இலைகள் எண்ணெயில் பொரித்தெடுத்தாற்போல் கருகியிருந்தன. ஒரு குருத்துகூட மிச்சமில்லை.

நீலாம்பாள் வாசல்படியில் வந்து நின்றாள். நாலு வருஷத்தில் முதல்தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மன்னி, நீங்கோ சொன்னபடிதான் செஞ்சேன். ஒரு நாள் தப்பலை. சட்டியைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடிச்சுடுத்து. கண்ணைக் கீறிக்கப் போறவா சொல்லிட்டுப் போறா, இப்பவும் வீம்பு பண்ணினா நான் என்ன மனுஷின்னு தோணித்து. என்ன தப்பாச்சுன்னு தெரியலையே."

"நான் சொன்னதை நீ என்னிக்குடி கேட்டே? இப்போ மட்டும் எதுக்குடி கேட்டுத் தொலைச்சே?" என்று காமாக்ஷி கத்திவிட்டாள்.

நீலாம்பாள் சட்டியைப் பார்த்தாள், மன்னியைப் பார்த்தாள்.

"அப்போ, நான் மாத்திச் செய்வேன்னுதான் அப்படிச் சொன்னேளா? நீங்கோ ஆஸ்பத்திரியில கெடக்கச்சேகூட நான் கெடுதல்தான் பண்ணுவேன்னு?"

"ஆமாண்டி" என்றாள் காமாக்ஷி.

"அப்படின்னா அது செத்தது நன்னாச்சு."