புளியங்கொட்டை அளவு உப்பு

…புளிக்கு ஒரு பயமும் இல்லை, எலுமிச்சங்காய் அளவு உருட்டினால் ஒரு சட்டிக் குழம்புக்கு, பதினைந்து இலை என்றால் மூன்று உருண்டை, பருப்பு ஆளுக்கு ஒரு பிடி, மல்லி உள்ளங்கைக் குழி நிறைய, சோற்றுக்குத் தண்ணீர் அரிசிக்கு மேலே நடுவிரலின் இரண்டாவது கணு வரைக்கும், அதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரும், முப்பது வருசம் ஆக்கிப் போட்ட கை, உப்பு என்றால் மட்டும் ஏன் இப்படித் தயங்குகிறது… வள்ளியாத்தாள் உப்புச் சட்டிக்குள் விட்ட கையை எடுக்காமல் அடுப்புக்கு முன்னால் நின்றாள். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் தீர்ந்தது. பார்க்கக் கூடாதே! படையல் குழம்பு, போனவருக்கு வைக்கும் முன்னால் ஆக்குகிறவள் வாயில் படக் கூடாது. இன்றோடு வீட்டுக்காரர் போய் வருசம் ஒன்று. முன்கூடமான ஆசாரத்தில் பங்காளிகள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, ஓமலூரிலிருந்து காளியாத்தாளும் வந்துவிட்டாள், அவருடைய அக்காள், அந்தக் குரலுக்குத் தப்ப எந்த மூலைக்குப் போவது? போன வருசம் பாடை கட்டிய வாசலில் ஊரே கேட்க அவள் போட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “உப்பக் கொட்டிக் கொன்னு போட்டாளே! என்ற தம்பியக் கொன்னு போட்டாளே!”

கொன்றேனா? ஏழு மாசம் கொல்லாமல்தானே வைத்திருந்தேன். முகம் வீங்கி, காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி அப்படியே நிற்க, வண்டி கட்டிச் சேலத்துக்குக் கூட்டிப்போனபோது அங்கே டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார், வெளியே வந்து கம்பவுண்டர்தான் சொன்னார், ஒரு நாளைக்கெல்லாம் சேர்த்து ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மேலே உப்பு போகக் கூடாதம்மா, போனால் உடம்பு தாங்காது என்று. அன்றைக்கே ஒரு புளியங்கொட்டையைக் கழுவி உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் பத்து நாள் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி அதோடு ஒத்துப் பார்த்தாள், அப்புறம் கொட்டை தேவைப்படவில்லை, இரண்டு விரல் நுனிக்கு அந்த அளவு பழகிப்போயிற்று. அவருக்கு ஒரு சட்டி, தனக்கு ஒரு சட்டி என்று வைக்க மனசு வருமா? ஒரே சட்டிதான், அவர் தின்றதைத்தான் அவளும் தின்றாள். பாவி மனுசன், உப்பில்லாமல் மோரைக்கூடத் தொடாதவர், ஊறுகாய்ச் சாடியைப் பரண்மேல் ஏற்றிய நாளில் சின்னப் பிள்ளை மாதிரி அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை, தட்டை எறியவில்லை. “போதும் புள்ள, எடுத்துட்டுப் போ”, அவ்வளவுதான், பாதிச் சோறு அப்படியே இருக்கும். எறிந்திருந்தால்கூடத் தேவலை…

அந்த நாள். ஒரு வருசமாக அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு இடம் மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பண்ணையாள் கருப்பண்ணன் கத்தினான், “அம்மணீ, வடக்கயிறு அறுந்து போச்சுங்க! மாடு ரண்டும் மெரண்டுட்டு ஓடுதுங்க!” ஓடினாள், விழுந்து முட்டி பெயர்ந்தது, மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள், திரும்பி வந்தாள், குழம்பை இறக்கினாள். உப்பு? எப்போது போட்டாள்? எந்தக் கையால்? படபடப்பில் பழைய கை தானாக அள்ளிப் போட்டுவிட்டதா, முப்பது வருசத்துக் கை? அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். தட்டை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, “இன்னிக்குத்தாம் புள்ள உப்பு செரியா இருக்குது” என்றார். அந்த நேரம் பார்த்தா காளியாத்தாள் வாசற்படி ஏற வேண்டும், அந்தச் சொல் பார்த்தா அவள் காதில் விழ வேண்டும்! சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்திருந்தால் வாயில் வைத்துப் பார்த்திருக்கலாம், அவர் வைக்கவில்லையே, அன்றைக்கு இவள் கம்பங்கூழைத்தான் குடித்தாள். நாலாம் நாள் மூச்சு இழுத்துக்கொண்டது. அதற்கப்புறம் யாரிடம் கேட்பது?

சரி, இன்றைக்குக் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது? இனி எந்தக் கால் வீங்கப்போகிறது? அவருக்கு இன்றைக்காவது நிறைய உப்போடு வைக்க வேண்டும், நாக்கு செத்தே போன மனுசன், ஒரு வேளையாவது… அவள் ஐந்து விரலையும் விரித்து அள்ளினாள், பழைய நாளில் கிடாய் விருந்துக்கு அள்ளுவாளே அந்த மாதிரி, கை நிறைந்தது போலத்தான் இருந்தது, ஈரக் கல் உள்ளங்கையில் கடித்தது, போட்டாள், இன்னொரு தடவையும் அள்ளிப் போட்டாள். கூடிப்போயிற்றோ? கூடினால் கூடட்டும், காளியாத்தாள் இன்னொரு தரம் பேசட்டும். இலை போட்டு, கும்பிட்டு, கூரைமேல் காக்காய்க்கு வைத்துவிட்டுப் பந்தி பரிமாறினாள். கதவோரம் ஒதுங்கி நின்றாள். பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் பங்காளி மகன் மயில்சாமிதான் வாய் திறந்தான், இளவயசு, ஒளிக்கத் தெரியாது. “பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க, உப்புச் சட்டியக் கொஞ்சம் கொண்டாங்க. கொளம்புல உப்பு போட மறந்துட்டீங்களாட்ட இருக்குது.” மறந்தேனா? இரண்டு தடவை அள்ளிப் போட்டேனே! ஓடிப்போய் சட்டியைத் துழாவிப் பார்த்தாள், குறைந்ததே தெரியவில்லை. அள்ளினது எவ்வளவு? மறுபடி கையை விட்டாள், நிறைய என்று நினைத்துக்கொண்டே அள்ளினாள், கை நிறைந்தது போலவே இருந்தது, வெளியே எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். பத்துப் பதினைந்து கல். விரல்கள் உள்ளே போனதுமே சுருங்கிக்கொள்கின்றன, அவள் சொல்வதைக் கேட்காமலே. குழம்பை ஒரு சொட்டு நாக்கில் விட்டாள், இனிப் பார்க்கலாமே, ஆனால் அவள் நாக்குக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்தச் சட்டியில் தின்ற நாக்குதானே இதுவும், அவர் போன பின்னும் அதே அளவுதான். உப்பை எடுத்துப்போய் இலைகளில் வைத்துக்கொண்டே வந்தாள். காளியாத்தாள் இலையில் வைக்கும்போது அவள் கையை நீட்டி மறித்தாள். பிசைந்த சோறு இலையில் அப்படியே இருந்தது. “எனக்கு வேண்டாம் வள்ளி” என்றாள், குரலே எழும்பவில்லை, “இதத்தான் ஏழு மாசம் தின்னானா அவன்?” வள்ளியாத்தாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அடுப்படிக்குத் திரும்பி வந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழு மனசோடு அள்ளியும் இவ்வளவுதான் வருகிறது என்றால், அன்றைக்கு, மனசு கிணற்றடியில் இருந்தபோது, இந்தக் கை எப்படிக் கூட அள்ளியிருக்கும்? கூடவில்லையென்றால்… மிரண்ட மாட்டின் பின்னால் ஓடி, முட்டி பெயர்ந்து, வியர்த்து வந்து உட்கார்ந்தவளை நிமிர்ந்து பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று அவர் ஏன் சொன்னார்?