வலது தோளில் ஒரு சேலை

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தில் கண்காட்சி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு பிரான்சில், உருளைக்கிழங்கு மாவுக்குச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பூசி வண்ணப் படம் எடுத்தார்கள். அந்தத் தகடுகள் கப்பலேறி எந்தெந்த நாடுகளுக்குப் போயின என்பதுதான் கண்காட்சியின் விஷயம். எங்களிடமிருந்த ஒன்று பம்பாய்வரை போய் வந்தது. அதில் ஒரு நோர்வேக் கப்பல் கப்டன், பக்கத்தில் பச்சைச் சேலையில் ஒரு பெண்.

சேலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது. படம் இடம் வலமாக மாறிவிட்டது என்று மேலாளர் ஆன்ட்ரியாஸிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஒட்டிய தகட்டில் அது நடக்கக்கூடியதுதான். அவர் மறுபேச்சில்லாமல் திருப்பி, சுவரளவு பிரதி எடுக்க அச்சகத்துக்கு அனுப்பினார். என்னுடைய ஆறு மாத வேலையை நிரந்தரமாக்குவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான். அன்று ட்வெய்ட்டாவிலுள்ள வீட்டுக்கு ரயிலில் போகும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் சுபத்ராவுக்குப் படத்தைக் காட்டினேன். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள்.

"ஏன் கம்சிகா திருப்பினீங்க? இது குஜராத்திக் கட்டு. முந்தானை வலது தோள் மேலதான் முன்னாடி வரும்."

"எல்லாரும் இடப்பக்கம்தானே போடுறவை?"

"உங்க ஊர்ல போடுவாங்க. இந்தியா கொஞ்சம் பெருசுங்க."

அப்போதுதான் முதல் தடவையாகக் கப்டனைப் பார்த்தேன். திருப்பிய படத்தில் அவருடைய கோட்டுப் பொத்தான்கள், பெண்கள் சட்டையில்போல, இடப்பக்கம் இருந்தன.

மூன்று மணிக்கு அச்சு ஓடும். பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. சுபத்ரா யாரிடமும் சொல்லப்போவதில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன், திறந்தேன், திரும்ப மூடினேன். வேலை போய்விடும் என்பது மட்டுமல்ல பயம். சேலையைப் பற்றிக்கூட எனக்குத் தெரியாதென்றால் அந்தக் காப்பகத்தில் நான் எதற்கு?

இரண்டரைக்கு ஆன்ட்ரியாஸின் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் படத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொத்தான்கள் எனக்கும் உறுத்தின. சேலை விஷயத்தில் உன்னோடு வாதாடக் கூச்சமாக இருந்தது."

"வாதாடியிருக்கலாமே."

"இனிமேல் வாதாடுகிறேன்" என்றபடி அச்சகத்தின் எண்ணை அழுத்தினார்.

"அதற்கு நான் இங்கே இருக்க வேண்டுமே."

"இருக்கத்தானே போகிறாய்" என்றார், வெள்ளிக்கிழமையை மறந்தவர்போல. நான் மேலே கேட்பதற்குள் அச்சகத்தில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள்.