ஆளானதன் அடையாளம்

நாற்று நடும் பருவத்தில்தான் நபவிய்யா அதை முதலில் பார்த்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிது. கால்வாய்ப் படியில் கணவன் மெத்வல்லியின் உள்ளாடையைக் கசக்கினாள். துருப்போல ஒரு கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"என்னங்க, ஒண்ணுக்குல ரத்தமா போகுது?" என்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டாள்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?" என்றபடி ரொட்டியைக் கிழித்துப் பாலாடைக்கட்டியில் தொட்டுக்கொண்டான்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் தம்பி பயூமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணி பாலைவனத்து ஓரத்துக்காரங்க, பாவம். இங்க கால்வாய்ல இறங்குற ஆம்பளைங்க எல்லாருக்கும் இது உண்டு அண்ணி. பொண்ணுங்க வயசுக்கு வர்ற மாதிரிதான். எனக்கு வந்தன்னைக்கு எங்கப்பா தெருவுக்கே சர்பத் கொடுத்தாரு."

"வராதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றான் மெத்வல்லி.

அவள் ஊரில் யாருக்கும் அப்படிப் போனதில்லை.

வருடங்கள் போயின. மெத்வல்லிக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தது, அடிவயிற்று வலி வந்தது. தொழுகைக்கு நிற்கும்போதே பாதியில் ஓடினான். சுகாதார நிலையத்து டாக்டர், தண்ணீரில் இருக்கும் புழு தோல் வழியாக உள்ளே போய் மூத்திரப்பையில் தங்கிவிடுகிறது என்றார். மன்சூரா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னார்.

"புழுவாம்! எங்கப்பா சாகுற வரைக்கும் இதே தண்ணியிலதான் நின்னாரு."

"அவர் எதுல செத்தாருன்னு யாராவது பார்த்தீங்களா?" நபவிய்யாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க கால்ல விழறேன், மன்சூரா போகலாம்."

"நடவு முடியட்டும்."

நடவு முடிந்தது, அறுப்பும் முடிந்தது. ஒரு நாள் சொட்டுக்கூடப் போகாமல் வயிறு கல்லாகிவிட்டது. வண்டியில் படுக்கவைத்து மன்சூராவுக்குக் கொண்டுபோனார்கள்.

"எவ்வளவு நாளா ரத்தம் போகுது?" என்று டாக்டர் கேட்டார்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து டாக்டர்," என்றான் மெத்வல்லி. அந்த வலியிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நபவிய்யாவைப் பார்த்தார். மூத்திரப்பையில் புற்று, எலும்பு வரை போய்விட்டிருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் அவனை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த நடவின்போது அவள் வயலுக்குத் தேநீர் கொண்டுபோனாள். மரத்துக்குப் பின்னால் குந்தியிருந்த பயூமி எழுந்து, காலால் அவசரமாக மண்ணைத் தள்ளி மூடினான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, அண்ணனுக்கு ரத்தம் கட்டி கட்டியா போச்சா?"

"போச்சு தம்பி. கடைசியில." தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். "கிளம்புங்க. இப்பவே மன்சூராவுக்கு வண்டி இருக்கு. நானும் வர்றேன்."

பயூமி வரப்பிலிருந்த நாற்றுக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வயலைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு பாத்திதான் பாக்கி. நடவு முடியட்டும் அண்ணி."

அவள் அவன் கையிலிருந்த நாற்றுக் கட்டைப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள். அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்றான். பிறகு குனிந்து, இன்னொரு நாற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.