மூடிய ஷட்டர்

"மூக்கு வழியாப் போற புகைக்குக் கால்ல என்ன வேலை டாக்டர்?"

ஜெனரேட்டர் மெக்கானிக்குக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, கவனிக்காவிட்டால் காலையே எடுக்க நேரலாம் என்றார் டாக்டரம்மா. புகைதான் காரணமாம். மெக்கானிக்கோ சிகரெட்டைத் தொட்டதில்லை.

"நுரையீரல் என்ன கடைசி ஸ்டாப்பா? பொடிப்பொடியான கரி அங்கேருந்து ரத்தத்துல ஏறும். குழாயோட உள்சுவரைக் கெடுக்கும். அங்க கொழுப்பு படியும். இதயத்துலயும் இதே கதைதான். சிகரெட் புகையும் டீசல் புகையும் பங்காளிங்க."

"பங்காளின்னா அடிச்சுக்கணுமே!"

"இதுங்க ஒண்ணு சேர்ந்து உங்களை அடிக்குதுங்க."

கடைக்கு வந்தும் அவர் அதையே யோசித்தார். ஒரே அறை. பழுது பார்த்த இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார். பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவின் வெள்ளைச் சட்டையில் ஒருமுறை கரி படிந்ததிலிருந்து அப்படி. யாரும் கேட்கவில்லை, மனசு கேட்கவில்லை. உள்ளே அவரோடு வேலை செய்யும் மைத்துனன் சிகரெட் பிடிப்பான். கேட்டால், "இந்தப் புகையில என்னுது கடல்ல கரைச்ச பெருங்காயம், மாமா" என்பான்.

மெக்கானிக் தயங்கித் தயங்கித் தையல்காரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"அடக் கடவுளே, என் துணிக்காகவா மூடினீங்க? சத்தத்துக்குன்னுல்ல நெனச்சேன்!" தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கியது. "துணியைத் துவைச்சுக்கலாம். ரத்தக்குழாயைத் துவைக்க முடியுமாண்ணே? என் கடைக்குப் பின்னாடி வெட்டவெளி சும்மாதானே கிடக்கு. என் கடை வழியா உருட்டிட்டுப் போய் அங்க ஓட்டுங்க. நான் பின்கதவைச் சாத்திக்கறேன்."

பிறருக்குத் தீங்கு வரக்கூடாதென்று நினைப்பவனை இறைவன் கைவிடுவதில்லை; பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர் உருவத்தில்தான் வருகிறான்.

தையல்காரம்மா சட்டைகளை ஒதுக்கிப் பிடிக்க, மெக்கானிக்கும் மைத்துனனும் இன்ஜினை உருட்டிக்கொண்டு போனார்கள். வெளியில் அதை ஓடவிட்டு விலகி நின்றதும் மைத்துனனின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. மாமா குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கால்ல என்னோட பங்கு எவ்வளவு இருக்கும்?"

"அதை எப்படிடா பிரிக்கறது? நானும் கேட்டேன். டாக்டரம்மாவுக்கே தெரியாதாம்."

"அவங்க வேற என்ன சொன்னாங்க?"

"தினமும் நடக்கணுமாம். வலிச்சா நின்னு, மறுபடி நடக்கணுமாம்."

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து வெறுங்கையை எடுத்து நீட்டினான்.

"வாங்க. நீங்க நிக்கறப்போ நானும் நிக்கறேன்."